வீரப் பதக்கம் பெற்றவருக்குக் கல் வைக்கும் ஊர்களுக்கு ஒரு திறந்த மடல்

எஸ்.பி. பட்டினம் முதல் மூக்கையூர் வரையுள்ள ஊர்த் தலைவர்கள், ஊராட்சி நிர்வாகத்தினர், ஜமாஅத் நிர்வாகிகள், பங்குப் பேரவையினர், மீனவர் சங்கத்தார், பள்ளித் தலைமையாசிரியர்கள், இளைஞர் மன்றத் தம்பிகள் எல்லோருக்கும், படையில் பணியாற்றி ஓய்வுபெற்று இதே கரையில் வசிக்கும் நாங்கள் எழுதுவது. வணக்கம்.

வீரப் பதக்கம் பெற்ற ஒருவருக்கு ஊரில் கல் வைப்பது, பள்ளிக் கட்டடத்துக்கு அவர் பெயர் சூட்டுவது, நுழைவாயில் கட்டுவது என்று நீங்கள் முயற்சி எடுக்கும்போது உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். அவர் என்ன செய்தார் என்பதை எழுதுங்கள். எந்த நாள், எந்த இடம், எதிரில் நின்றது யார், அந்த நேரத்தில் அவர் செய்தது என்ன. மாவீரன், சிங்கம், வீரத்திருமகன், மண்ணின் மைந்தன் என்பதெல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அவர் செய்த செயல் அவர் ஒருவருக்கே உரியது. இருபது ஆண்டு கழித்து அந்தக் கல்லருகே வரும் பள்ளிப் பிள்ளைக்கு அந்தச் செயல்தான் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு வீரப் பதக்கத்துக்கும் பின்னால் ஒரு சைட்டேஷன் உண்டு. இந்தப் பதக்கம் எதற்காகத் தரப்படுகிறது என்று அரசு எழுதி வைக்கும் குறிப்புரை அது. குடியரசுத் தலைவர் மாளிகையில் பதக்கம் அணிவிக்கும்போது அதைத்தான் உரக்க வாசிக்கிறார்கள். பதக்கத்தை விட அந்தத் தாள் முக்கியம் என்றே சொல்வோம். பதக்கம் தொலைந்தால் மாற்றுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. செய்த செயல் மறந்துபோனால் எந்த அலுவலகத்துக்கும் மனுப் போட்டு மீட்க முடியாது.

இது நம் மண்ணுக்குப் புதிய பழக்கமும் அல்ல. நடுகல் கல்வெட்டுகளைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர் ஆநிரையை யார் கவர்ந்தார்கள், மீட்கப் போய்ப் பட்டவன் பெயர் என்ன என்பதோடு முடிந்துவிடும். பாராட்டு மொழி அதில் தேடினாலும் அதிகம் கிடைக்காது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழிந்தும் அவனை நமக்குத் தெரிவது அந்த நாலைந்து வரியால்தான். முதல் உலகப் போர் முடிந்த பிறகு சென்னை மாகாணத்து ஊர்கள் சிலவற்றில் பதித்த பலகைக் கற்களையும் பாருங்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. போனவர்கள் யார், எந்தப் போர்முனையில் என்ன ஆனார்கள் என்பது அந்த ஊர்க்காரருக்கே இன்று தெரியாது.

இந்தக் கரையில் எல்லோரும் அறிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். திருவாடானை வட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் கே. பழனி, 81 ஃபீல்டு ரெஜிமெண்டில் இருந்த பீரங்கிப் படை வீரர். 2020 ஜூன் 15 அன்று கிழக்கு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் வீரமரணம் அடைந்தார். அந்த மோதலில் நாம் இழந்தது 20 பேர். பழனிக்கு அரசு அறிவித்தது வீர் சக்ரா. எதிரிகள் அவருடைய நிலையைச் சூழ்ந்து கூரிய ஆயுதங்களாலும் கற்களாலும் தாக்கியபோது அவர் துணிந்து நின்று உடனிருந்தவர்களைக் காக்க முனைந்தார், அதைப் பார்த்து அவருடைய ஆட்கள் விடாமல் எதிர்த்துப் போரிட்டார்கள், படுகாயம் பட்ட பின்னும் அவர் இடத்தை விட்டு அகலவில்லை என்பது சைட்டேஷனின் சாரம்.

படை தெரிந்தவர்களுக்கு இதைப் படித்தவுடன் சில விஷயங்கள் கண்ணில் படும். பீரங்கிப் படைக்காரரின் வேலை பல கிலோமீட்டர் தூரத்துக்குக் குண்டு எறிவது. அப்படிப்பட்டவர் அன்றைக்குக் கைகலப்பில், கல்லுக்கும் கூர் ஆயுதத்துக்கும் எதிரே நின்றிருக்கிறார். இடம் சுமார் 14,000 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் 60 விழுக்காடு அளவுதான். நாலு எட்டு வேகமாக ஏறினாலே மூச்சு வாங்கும் இடம் அது. ஹவில்தார் என்பது மூன்று பட்டை போட்ட பொறுப்பு. அவருக்குக் கீழே ஆட்கள் இருப்பார்கள், அவர் என்ன செய்கிறாரோ அதைத்தான் அவர்களும் செய்வார்கள். அவர் பின்வாங்கியிருந்தால் நிலையே குலைந்திருக்கும். இப்படிப்பட்ட செய்திகளை ஓர் ஆசிரியர் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமானால் கல்லில் செயல் இருக்க வேண்டும். "தாய்நாட்டுக்காகத் தன்னுயிர் ஈந்த தங்கமகன்" என்பதை வைத்து எந்த ஆசிரியர் எதை விளக்குவார்?

இனி, பலகைகளில் அடிக்கடி தவறிப்போகிற செய்திகள்.

முதலாவது, பதக்கத்தின் பெயரும் படிநிலையும். எதிரியை நேருக்கு நேர் எதிர்த்த வீரத்துக்கு மூன்று: பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா. இவை 1950 ஜனவரி 26 அன்று தொடங்கப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும்படி ஆக்கப்பட்டவை. போர்முனை அல்லாத இடத்து வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. இவை 1952இல் ஒரே பெயரில் மூன்று வகுப்புகளாகத் தொடங்கி, 1967இல் இன்றைய பெயர்களைப் பெற்றன. ஆறையும் மதிப்பு வரிசையில் அடுக்கினால் பரம் வீர், அசோக, மகா வீர், கீர்த்தி, வீர், சௌர்ய என்று மாறி மாறி வரும். அடுத்து சேனா பதக்கம். கடற்படையில் நௌ சேனா, விமானப்படையில் வாயு சேனா. உச்சிப்புளியில் உள்ள பருந்து கடற்படை விமானத் தளத்தையும் மண்டபம் கடலோரக் காவல் படையையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர் இந்தக் கரையிலிருந்து அந்தப் படைகளுக்குப் போகிறார்கள். கடலோரக் காவல் படைக்குத் தனியாகத் தட்ரக்ஷக் பதக்கம் உண்டு.

தமிழர்கள் மூவரைச் சொன்னால் வேறுபாடு பிடிபடும். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் அமைதிப்படைப் பணியில் இருந்தபோது, மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும் எதிராளியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டு, சாகும்வரை தன் ஆட்களுக்கு உத்தரவிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பரம் வீர் சக்ரா. 1999 கார்கில் போரில் படாலிக் பகுதியில் வீழ்ந்த மேஜர் சரவணனுக்கு வீர் சக்ரா. 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளோடு போரிட்டு மறைந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா. மூன்று பேருடைய பலகையிலும் "சக்ரா விருது பெற்றவர்" என்று பொதுப்பட எழுதினால் மூவருக்கும் செய்யும் குறை அது. "இந்தியாவின் மிக உயரிய விருது" என்று வீர் சக்ராவுக்கு எழுதுவதும் அப்படித்தான். மதிப்பைக் கூட்டிச் சொல்வதால் மரியாதை கூடுவதில்லை. விவரம் தெரிந்த ஒருவர் அதைப் படித்ததும் பலகையில் உள்ள மற்றதையும் சந்தேகப்படுவார்.

சேனா பதக்கத்தில் இன்னொரு சிக்கல். அது வீரத்துக்கும் தரப்படுகிறது, சிறந்த பணிக்கும் தரப்படுகிறது. வீரத்துக்கு என்றால் "சேனா பதக்கம் (வீரம்)" என்று முழுதாக எழுதுங்கள். அதோடு, படைவீரரின் நெஞ்சில் வரிசையாக ஏழெட்டுப் பதக்கம் தொங்குவதைப் பார்த்து எல்லாமே வீரப் பதக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலானவை இத்தனை ஆண்டுப் பணி, இன்ன இடத்தில் பணி, இன்ன நடவடிக்கையில் பங்கு என்பதற்கானவை. அவையும் உழைத்துப் பெற்றவைதான். ஆனால் வகை வேறு.

இரண்டாவது, படம். வீர் சக்ரா வெள்ளியில் செய்த வட்டப் பதக்கம். மேலே ஐந்து முனை நட்சத்திரம், அதன் நடுவில் சக்கரம், சக்கரத்தின் நடுவே பொன்முலாம் பூசிய அரசுச் சின்னம். நாடா பாதி கருநீலம், பாதி காவி. மகா வீர் சக்ராவின் நாடா பாதி வெள்ளை, பாதி காவி. பரம் வீர் சக்ரா வெண்கலம், நாடா முழுக்க ஊதா. அசோக சக்ராவுக்குப் பச்சை நாடாவில் ஒரு காவிக் கோடு, கீர்த்திக்கு இரண்டு, சௌர்யாவுக்கு மூன்று. பிளக்ஸ் அடிக்கும் கடையில் பழைய கோப்பில் கிடக்கும் ஏதோ ஒரு பதக்கப் படத்தை எடுத்து ஒட்டிவிடுவார்கள். வேறு நாட்டுச் சிப்பாயின் உருவத்தைப் பின்னணியில் வைப்பதும் உண்டு. அச்சுக்குப் போகும் முன் நாடாவின் நிறத்தையும் தொப்பியில் உள்ள ரெஜிமெண்ட் சின்னத்தையும் குடும்பத்தாரிடம் இருக்கும் படத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது, தேதி. ஒரு பதக்கத்துக்கு மூன்று தேதி உண்டு. பழனி விஷயத்தில் செயல் நடந்தது 2020 ஜூன் 15. அறிவித்தது 2021 குடியரசு நாளில். குடும்பத்தார் கையில் கிடைத்தது 2021 நவம்பரில். "2021ஆம் ஆண்டு வீர் சக்ரா" என்று மட்டும் எழுதினால், சண்டை அந்த ஆண்டில்தான் நடந்தது என்று நாளைக்குப் படிப்பவர் எண்ணிக்கொள்வார். கல்லில் செயல் நடந்த தேதி கட்டாயம் இருக்கட்டும். இடம் இருந்தால் அறிவித்த தேதியையும் சேருங்கள். திறப்பு விழாத் தேதியும் திறந்து வைத்தவர் பெயரும் வேண்டுமென்றால் பீடத்தின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் வையுங்கள். வீரரின் பெயர் இருக்கும் முகப்பில் வேறு யார் பெயரும் வேண்டாம். இதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

பெயருக்குப் பின்னால் பதக்கத்தின் பெயரைச் சேர்த்து எழுதலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாக எழுதலாம். அரசு பட்டம் வழங்கக் கூடாது என்று சொல்லும் அரசியல் சாசனத்தின் 18ஆவது பிரிவே படைத்துறைச் சிறப்புக்கும் கல்விச் சிறப்புக்கும் விலக்கு அளிக்கிறது. தரம் முதலில், பிறகு பெயர், பிறகு பதக்கம்: ஹவில்தார் கே. பழனி, வீர் சக்ரா. தரத்தை உயர்த்தி எழுதவே கூடாது. நாயக்கை ஹவில்தார் என்றும் சுபேதாரை கேப்டன் என்றும் எழுதுவது அவர் சம்பாதித்ததைத் தட்டிவிட்டு வேறொன்றை அவர் கையில் திணிப்பதாகும்.

வீரப் பதக்கம் என்றாலே இறந்தவருக்குத்தான் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அதே கல்வான் மோதலுக்காக ஹவில்தார் தேஜிந்தர் சிங் உயிரோடு இருந்தே வீர் சக்ரா பெற்றார். உங்கள் ஊரில் பதக்கம் பெற்றவர் உயிரோடு இருக்கிறார் என்றால் கல்லின் வாசகத்தை அவரிடமே காட்டுங்கள். அநேகமாக அவர் சில சொற்களைக் குறைக்கச் சொல்வார். குறைத்துவிடுங்கள்.

எங்களிடம் ஊரார் கேட்கும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. எங்கள் பிள்ளையும் எல்லையில்தானே உயிரை விட்டான், அவனுக்கு ஏன் பதக்கம் இல்லை? பதில் நடைமுறையில் இருக்கிறது. பதக்கம் மரணத்துக்குத் தரப்படுவதில்லை, குறிப்பிட்ட ஒரு செயலுக்குத் தரப்படுகிறது. அந்தச் செயலைப் பார்த்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். படைப்பிரிவின் கமாண்டிங் ஆபீசர் அதை எழுதிப் பரிந்துரைக்க வேண்டும். அது படிப்படியாக மேலேறி ராணுவத் தலைமையகம் போய், பாதுகாப்பு அமைச்சகத்துக் குழுவின் பரிசீலனை முடிந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு குடியரசு நாளிலோ சுதந்திர நாளிலோ அறிவிக்கப்படும். பார்த்த எல்லோரும் அதே இடத்தில் விழுந்துவிட்டால் சொல்ல யாரும் மிஞ்சுவதில்லை. இருட்டில், பனியில், ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்காமலே போயிருக்கலாம். ஆகவே பதக்கம் இல்லாத வீரரின் குடும்பத்தை ஒரு படி கீழே வைத்து மேடையில் உட்கார வைக்காதீர்கள். உயிர் நீத்த எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெயர்ப் பட்டியல் வையுங்கள், அதில் பெயர்கள் தேதி வரிசையில் இருக்கட்டும். வீரச் செயலுக்கான கல் தனியாக இருக்கட்டும்.

சைட்டேஷன் எங்கே கிடைக்கும்? குடும்பத்தாரிடம் பதக்கத்தோடு வந்த தாள் இருக்கும். பாதுகாப்பு அமைச்சகம் வீர விருதுகளுக்கென்றே நடத்தும் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். இரண்டும் இல்லையென்றால் அவர் சார்ந்த பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்குப் படை எண், தரம், பெயர் மூன்றையும் குறிப்பிட்டு எழுத வேண்டும். பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு முகாம், மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், படைப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் கடிதம் சரியான மேசைக்குப் போகும்.

சைட்டேஷன் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழாக்கும்போது ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் சேர்ந்து உட்காருங்கள். ஒருவருக்குப் பொருள் தெரியும், மற்றவருக்கு நடை தெரியும். தனித்தனியாகச் செய்தால் ஒன்று போர்க்களம் சினிமாக் காட்சியாகிவிடும், இல்லையென்றால் வாக்கியம் புரியாது. சைட்டேஷனில் இல்லாத எண்ணிக்கையைச் சேர்க்காதீர்கள். "பத்துப் பேரைச் சாய்த்தார்" என்று யாரோ மேடையில் பேசியது கல்லில் ஏறக் கூடாது. மொத்த வாசகம் நாற்பது சொல்லுக்குள் அடங்கட்டும்.

நாற்பது சொல் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கல் 4 அடி அகலம், இரண்டரை அடி உயரம், 5 செ.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வரிக்கு 5 செ.மீ. உயர எழுத்து, மற்ற வரிகளுக்கு இரண்டரை செ.மீ. எழுத்து. ஒரு வரிக்கு ஐந்து சொல் அளவில் எட்டு ஒன்பது வரி, அதற்கு மேல் கல்லில் இடமில்லை. எழுத்தைச் சிறிதாக்கி அதிகம் நுழைக்க நினைத்தால் ண, ணை, ஞ போன்றவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் கல் வெட்டும்போதே தெறித்துவிடும், பிறகு அந்த இடம் வெறும் குழியாகத் தெரியும். எழுத்தின் ஆழம் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மேலாகக் கீறி வண்ணம் அடித்துத் தருவது மலிவு. ஆனால் நம் வெயிலிலும் உப்புக் காற்றிலும் வண்ணம் உரிந்துபோகும். ஆழமாக வெட்டியிருந்தால் வண்ணம் போனாலும் நிழல் விழுந்து எழுத்து படிக்கும்படி இருக்கும்.

கல் கருங்கல்லாக, கருப்புக் கிரானைட்டாக இருக்கட்டும். பளிங்கு இந்தக் கரைக்கு ஆகாது. முதலில் பளபளப்புப் போகும், பிறகு பழுக்கும், பிறகு எழுத்தின் ஓரம் மழுங்கும். இரும்புத் தகடு வேண்டவே வேண்டாம். பித்தளைத் தகடு பச்சை பூத்துவிடும், வாரம் ஒருமுறை தேய்க்க ஆளில்லாவிட்டால் எழுத்தே தெரியாது. எவர்சில்வர் எழுத்து ஒட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் 316 என்ற தரத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 இந்தக் காற்றில் துருக்கறை பிடிக்கும். முன்பு நம் பக்கத்தில் கட்டடத்துக்கு வெட்டிய பவளப் பாறைக் கல்லை அழகுக்காக வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பவளப் பாறை இன்று சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, அதை எடுப்பது குற்றம்.

பீடத்தைக் கம்பி இல்லாமல் கட்டுங்கள். 5 செ.மீ. கனக் கல் 120 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அதைத் தாங்கச் செங்கல் பீடமோ கருங்கல் பீடமோ போதும். கம்பி இல்லையென்றால் துருவும் இல்லை, வெடிப்பும் இல்லை. நம் கரையில் கான்கிரீட் பிளப்பதற்கு முதல் காரணம் உள்ளே உள்ள கம்பி துருப்பிடித்துப் பருப்பதுதான். மேலே சிறு கூரை வேண்டும், தூண் வேண்டும் என்றால் குறைந்தது எம் 30 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடாக்கு. கடற்காற்று படும் இடத்துக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி சொல்லும் குறைந்த அளவு அது. அலைத் துளி நேரே தெறிக்கும் இடமென்றால் எம் 35 தரம், 50 மி.மீ. மூடாக்கு.

கடற்கரை மணலைக் கலவையில் சேர்க்கவே கூடாது. கிணற்றுத் தண்ணீரும் ஊருக்கு ஊர் மாறும். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு, கம்பி இல்லாததற்கு 2000 மில்லிகிராம் என்பது அதே விதியின் உச்சவரம்பு. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரை நம்ப வேண்டாம், குடிதண்ணீர் வண்டி ஒன்று சொல்லிவிடுங்கள். கல்லுக்கும் பீடத்துக்கும் நடுவே பொந்து விடாமல் கலவையை நிறைத்து அழுத்த வேண்டும். பொந்தில் இறங்கும் மழைநீர் உப்போடு காய்ந்து காய்ந்து கல்லை வெளியே தள்ளும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும் ஊர்கள்தான் நம்முடையவை. எனவே கல்லின் அடி தரையிலிருந்து ஒன்றரை அடியாவது மேலே இருக்கட்டும். அப்போது கல்லின் தலை 4 அடியில் வரும், எட்டாம் வகுப்புப் பிள்ளை நின்றபடியே படிக்கலாம். கல்லைச் சற்றுப் பின்சாய்த்துப் பதியுங்கள்.

இடம் தேர்வதில் அவசரம் வேண்டாம். சாலையோரத்திலும் சந்திப்பிலும் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்குள் வரும் இடமா என்பதையும் பாருங்கள். அனுமதி இல்லாமல் வைத்துவிட்டு, பின்னால் அதை அப்புறப்படுத்தும் நாளில் அந்தக் குடும்பம் படும் வேதனையை நினைத்துப் பாருங்கள். பள்ளி வளாகமே எல்லாவற்றுக்கும் நல்ல இடம். படிப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

குடும்பத்தாரிடம் இருக்கும் பதக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விழாவுக்கு அதைக் கேட்டு வாங்குவது நீங்கள்தான். வெள்ளிப் பதக்கம் கறுக்கும். அது கெட்டுப்போனதாக எண்ணிப் புளி, விபூதி, பல்பொடி, பாலிஷ் என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். வீர் சக்ராவின் நடுவில் உள்ள பொன்முலாம் மெல்லிய பூச்சு. தேய்த்தால் கறுப்போடு முலாமும் போய்விடும், பிறகு எந்தப் பட்டறையிலும் பழையபடி ஆக்க முடியாது. வெண்கலப் பதக்கத்தில் வெளிர்பச்சைப் பொடி பூத்தால் உப்பு உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத் துடைக்காமல் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்துவிட்டு, அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். கையில் எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து, சுத்தமான பருத்தித் துணியோடு எடுக்க வேண்டும். வியர்வையிலும் உப்புதான் இருக்கிறது.

வைக்கும் டப்பா முக்கியம். வெல்வெட் ஒட்டிய பிளைவுட் சட்டத்துக்குள் கண்ணாடி போட்டு மாட்டுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. பிளைவுட் பசையிலிருந்தும் சாயத் துணியிலிருந்தும் கசியும் ஆவி வெள்ளியை இன்னும் வேகமாகக் கறுக்க வைக்கும், சன்னல் வெளிச்சம் நாடாவை வெளிற வைக்கும். அசலை அமிலம் இல்லாத தாளில் சுற்றி, மூடி இறுகிய டப்பாவில் இரண்டு பொட்டலம் சிலிகா ஜெல்லோடு பீரோவில் வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் மாற்ற வேண்டும். சுவரில் மாட்ட ஒரு நகல் போதும். ரப்பர் பேண்டு, பி.வி.சி. உறை இரண்டும் கிட்டேயே வரக் கூடாது. சைட்டேஷன் தாளை லேமினேஷன் செய்யாதீர்கள். அந்தச் சூடு ஏறிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. ஸ்கேன் எடுத்து மூன்று பேரிடம் கொடுத்து வைத்தால் போதும்.

விழாவில் அணிவதிலும் முறை உண்டு. பெற்றவர் இடது மார்பில் அணிவார். மறைந்தவரின் பதக்கத்தை மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ அணிவதாக இருந்தால் வலது மார்பில். வரவேற்புரை சொல்பவர் அதைக் கையில் வாங்கி உயர்த்திக் காட்டுவது, செல்பி எடுக்கக் கைமாற்றுவது இதெல்லாம் வேண்டாமே.

குடும்பத்துக்கு உரிய தொகை வருகிறதா என்று ஊர் விசாரிப்பதில் தவறில்லை. 2017 ஆகஸ்ட் 1 முதல் மத்திய அரசு நிர்ணயித்த மாதப்படி பரம் வீர் சக்ராவுக்கு ரூ.20,000, அசோக சக்ராவுக்கு ரூ.12,000, மகா வீர் சக்ராவுக்கு ரூ.10,000, கீர்த்தி சக்ராவுக்கு ரூ.9,000, வீர் சக்ராவுக்கு ரூ.7,000, சௌர்ய சக்ராவுக்கு ரூ.6,000, வீரத்துக்கான சேனா பதக்கத்துக்கு ரூ.2,000. இது ஓய்வூதியத்துக்கு மேல் தனி. அவருக்குப் பின் மனைவிக்குத் தொடரும். மறுமணம் செய்தால் நின்றுவிடும் என்று இன்னும் சிலர் அந்தப் பெண்களைப் பயமுறுத்துகிறார்கள். கணவரின் சகோதரரை மணந்தால் மட்டும் தொடரும் என்றிருந்த பழைய நிபந்தனையை 2017 நவம்பரில் நீக்கிவிட்டார்கள். மணமாகாத வீரருக்கு மறைவுக்குப் பின் பதக்கம் என்றால் தாய் தந்தைக்குச் சேரும். மாநில அரசின் ரொக்கப் பரிசுக்குத் தனி விண்ணப்பம், அது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில். மேலே சொன்ன ஆறு சக்ராக்களுக்கும் ரயில் பாஸ் உண்டு, துணைக்கு ஒருவரோடு. வருமான வரி விலக்கும் உண்டு.

இடையில் மீனவர் சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை. கடலில் தத்தளித்தவரைத் தன் உயிரைப் பணயம் வைத்து மீட்டவருக்கும் அரசுப் பதக்கம் இருக்கிறது. ஜீவன் ரக்ஷா பதக் வரிசை, மூன்று தரம். மாவட்ட ஆட்சியர் வழியாக மாநில அரசு பரிந்துரைக்கும். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் அனுப்ப வேண்டும். அதற்கும் தேவை இதே விவரங்கள்தான்: நாள், நேரம், கரையிலிருந்து எத்தனை பாகம் ஆழம், காற்று எந்தப் பக்கம், எந்தப் படகு, யார் பார்த்தார்கள். சம்பவம் நடந்த வாரத்திலேயே சங்கப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள்.

கடைசியாகப் பள்ளிகளுக்கு. குடியரசு நாளன்றும் சுதந்திர நாளன்றும் கொடியேற்றிய பிறகு, உங்கள் பகுதியில் பதக்கம் பெற்ற ஒருவருடைய சைட்டேஷனை ஒரு மாணவியோ மாணவனோ தமிழில் வாசிக்கட்டும். நிறுத்தி வாசித்தாலும் இரண்டு நிமிடம்தான் ஆகும். முன்னுரை வேண்டாம், பின்னணி இசை வேண்டாம். இடத்தின் பெயர் வரும்போது நில வரைபடத்தில் காட்டுங்கள். குடும்பத்தார் வந்திருந்தால் அவர்களைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். வாசித்த தாளை அவர்கள் கையில் கொடுத்தால் போதும்.

இந்த ஆண்டு கல் வைக்கத் திட்டமிட்டிருக்கும் ஊர்கள், சிற்பியிடம் வாசகத்தைக் கொடுக்கும் முன் அந்த வரைவையும் சைட்டேஷன் நகலையும் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கும் ஓய்வுபெற்ற ஜே.சி.ஓ. (சுபேதார் நிலை அதிகாரி) ஒருவரிடம் காட்டிவிடுங்கள். தரம், பெயர், பதக்கம், பிரிவு, தேதி, இடம் ஆகிய ஆறும் இரண்டு தாளிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து அவர் கையெழுத்துப் போட்ட பிறகு வெட்டக் கொடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்கள்,
ராமநாதபுரம் கடற்கரை ஊர்கள்